நாற்பத்தாறு

ரேசெக்னே நகரத்தில் மார்ச் மாதம்
பனியும் இல்லை மண்ணும் இல்லை.
இரண்டும் குழைந்த சாம்பல் சேறு
காலணிக்குள் ஏறி
பகல் முழுக்க விரலிடுக்கில் குடியிருக்கும்.

ஐந்து மாடிக் குடியிருப்பின் முற்றத்தில்
கம்பளம் தட்டுவதற்கென்று
எப்போதோ நட்ட இரும்புச் சட்டம்.
இப்போது யாரும் தட்டுவதில்லை.
காலை ஐந்தே முக்காலுக்கு
வில்னிஸும் நானும் அதில் தொங்குவோம்,
தூசி போகாத இரண்டு கம்பளங்கள்.

கையுறை போட்டால் வழுக்கும்.
போடாவிட்டால் தோல் கம்பியோடு போகும்.
அவன் பதினொன்று.
நான் ஏழு;
எட்டாவதில் என் தாடை
கம்பிக்குக் கீழே நின்று பேரம் பேசும்.
முதல் மாடிச் சன்னல் பூனை
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
உள்ளே போய்விடும்.

படுத்து எழும் பயிற்சிக்குத்தான்
இன்னொரு ஆள் வேண்டும்.
ஒருவன் கணுக்காலை மற்றவன் பிடிக்க,
பிடித்தவனே எண்ண வேண்டும்.
ஒவ்வொரு தடவை எழும்போதும்
அவன் முகம் கிட்டே வந்து போகும்:
ஓரம் உடைந்த முன்பல்,
புளித்த கறுப்பு ரொட்டி மணக்கும் மூச்சு,
எண்ணுக்காகத் திறந்த வாய்.

ஏன் சேர்கிறாய் என்று
நான் அவனைக் கேட்டதில்லை.
அவன் வீட்டில் அப்பா ஒரு மொழியில் திட்டுவார்,
அம்மா இன்னொரு மொழியில் சமாதானம் சொல்வாள்.
எல்லை, பேருந்தில் ஒரு மணி நேரம்.
என் அம்மா பால் ஆலையில் இரவு வேலை முடித்து
நாங்கள் ஓடிவரும் நேரத்தில்தான் வருவாள்.
என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல்
களிம்பை மேசைமேல் வைத்துவிட்டுப் படுப்பாள்.

தேர்வு நாளில்
கூடத்துத் தரைக்குப் புது மெருகெண்ணெய் பூசியிருந்தார்கள்.
சார்ஜென்ட் கலேயாவுக்குத் தடுமன்.
இரண்டு நிமிடம், நாற்பத்தெட்டு என்றாள்,
மூக்கைத் துடைத்துக்கொண்டே.

நாற்பதுவரை நான் உடம்பாக இருந்தேன்.
அதற்குமேல் வெறும் வயிறு.
நாற்பத்தாறில்
முதுகு தரையோடு ஒட்டிக்கொண்டது.
விசில் ஊதியது.

"நாற்பத்தொன்பது" என்றான் வில்னிஸ்.

கண் சிமிட்டவில்லை.
என் கணுக்கால்கள் இன்னும் அவன் கையில்தான்.
கட்டைவிரல் மட்டும்
ஒரு கணம் அழுத்தியது.
கலேயா எழுதிக்கொண்டாள்.
எனக்கு மூச்சு வாங்கியது,
அதனால் பேசவில்லை.
மூச்சு வந்த பிறகும் பேசவில்லை.

இடம் மாறினோம்.
முற்றத்தில் அறுபதைத் தாண்டுகிறவன்.
அன்றைக்கு என்னவோ,
முப்பதிலேயே முழங்கை நடுங்கியது.
எழும்போதெல்லாம் என் வாயைப் பார்த்தான்.
நான் எண்ணினேன்.
எண்ணக் கூடாததை எல்லாம் எண்ணினேன்.
கலேயா குனிந்து
"எத்தனை?" என்றாள்.

"நாற்பத்தேழு."

உண்மைதான்.
என் வாயிலிருந்து அன்று வந்த
ஒரே உண்மை.

வெளியே வந்து
காலணி நாடாவை நெடுநேரம் கட்டினான்.
"சரியாத்தான் எண்ணினே, ரய்டிஸ்" என்றான்.
பேருந்தில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்கார்ந்தான்.

முகாமில் இப்போது ஐம்பத்தைந்து எடுக்கிறேன்.
காலைப் பிடிப்பவன் லீபாயாக்காரன்,
எண்ணும்போது கொட்டாவி விடுவான்.
அவன் நாற்பத்தேழு என்னும்போது
தினமும்
என் வயிறு ஒரு நொடி தயங்கும்.

ஆகஸ்டில் விடுப்பு.
முற்றத்தில் புல் முழங்கால் உயரம்,
சட்டத்தின் கீழே மட்டும் வழுக்கை.
வில்னிஸ் தொங்கிக்கொண்டிருந்தான்.
பதினான்காவது முடித்துக் குதித்தான்.
நலமா என்று அவனும் கேட்கவில்லை, நானும்.
இலையுதிர் காலத்தில் மறுபடி தேர்வு, அதைக்கூடச் சொல்லவில்லை.
புல்லில் மல்லாந்து படுத்து
முழங்காலை மடக்கினான்.

"பிடி."

பிடித்தேன்.
அவன் காலுறையில் ஒரு ஓட்டை,
கணுக்கால் எலும்பு சூடாக இருந்தது.

ஒன்று, என்றேன்,
முதல் மாடிப் பூனைக்கும் கேட்கும்படி.